கதவைத் தள்ளத் தெரிந்த நாள்

இக்ராவுக்குத் தரை என்றால் என்னவென்று தெரியாது. பிறந்ததிலிருந்து அவள் அம்மா ஜாஹிதாவின் இடுப்பில் இருந்தாள், இல்லாவிட்டால் மடியில், தூங்கினால் தூளியில். இடுப்பு உயரத்துக்கு எட்டுகிறதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. விளக்கு சுவிட்சைப் போட்டு அணைப்பாள். காலண்டர் தாளைக் கிழிப்பாள். அம்மாவின் கம்மலைத் திருகுவாள். ஜாஹிதா அரிசி களைவதுகூட ஒரு கையால்தான். இன்னொரு கை பிள்ளையை அணைத்தபடியே இருக்கும். ஒரு வயது நெருங்கியும் அந்தக் குழந்தை தவழவில்லை.

உத்திரமேரூர் கடைத்தெருவில் யாரும் அதைப் பற்றி ஜாஹிதாவிடம் கேட்கவில்லை. கேட்க வாய் வராது. இக்ராவுக்கு முன்னால் ஜாசிம் என்று ஒரு பையன் இருந்தான்.

அப்போது ஜாஹிதாவின் கணவன் ஆசாத் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருந்தான். ஜாசிம் தவழத் தொடங்கியதிலிருந்து வீட்டில் ஒரு பொருளும் வைத்த இடத்தில் இருக்காது. எதையும் வாயில் வைத்துப் பார்ப்பான். கீழே போட்டுச் சத்தம் கேட்பான், மறுபடியும் போடுவான். வெங்காயக் கூடையைக் கவிழ்த்துவிட்டு அதற்குள்ளேயே உட்கார்ந்திருப்பான். மதியம் சோற்றுக்கு வரும்போதெல்லாம், "இன்னிக்கு இன்னா கண்டுபுடிச்சான் உம் புள்ள?" என்று கேட்டுக்கொண்டேதான் ஆசாத் உள்ளே நுழைவான்.

அன்று காலை ஜாஹிதா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். பின்கதவு சாத்தியிருந்தது. தாழ்ப்பாள் போடவில்லை. முந்தின நாள்வரை ஜாசிமுக்கு அந்தக் கதவைத் தள்ளத் தெரியாது. அன்றைக்குத் தெரிந்துவிட்டது. தோட்டத்துப் பக்கம், ஆசாத் கடையிலிருந்து கொண்டுவந்து போட்ட நீல டப்பில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தது. விளிம்பைப் பிடித்து எழுந்து நிற்கவும் அவன் அப்போதுதான் பழகியிருந்தான். குனிந்தவனுக்கு நிமிரத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஆசாத் பிளாஸ்டிக் வியாபாரத்தை விட்டான். அதே கடையில் செருப்பு விற்றான். ஏன் என்று அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அவள் மனதில் ஒரே ஒரு காட்சிதான் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளை தன்னைத் தேடி அழுதுகொண்டே போயிருக்கிறான். பம்ப் ஸ்டவ் இரைச்சலில் தனக்குக் கேட்கவில்லை.

காஞ்சிபுரத்திலிருந்து வந்த ஆசாத்தின் தங்கை சாய்ராதான் முதலில் அண்ணியிடம் வாயைத் திறந்தாள். இக்ராவைவிடச் சின்னவனான அவளுடைய பையன் கட்டிலுக்கடியில் புகுந்து புகுந்து வந்துகொண்டிருந்தான்.

"பாபி, நான் சொல்றன்னு கோச்சிக்காத. இவ காலையே ஊன மாட்டேங்கிறாளே. டாக்டரு கிட்ட ஒருவாட்டி காட்டிக்கினு வா."

காட்டினார்கள். டாக்டரம்மா குழந்தையின் கைகால்களை நீட்டி மடக்கிப் பார்த்தார். சாவிக்கொத்தை ஆட்டிப் பார்த்தார். "குழந்தைக்கு ஒரு குறையும் இல்லம்மா. கீழ விடுங்க. உருண்டு, தவழ்ந்து, எட்டி எடுத்துத்தான் எல்லாம் கத்துக்கும். நீங்க தூக்கிக்கிட்டே இருந்தா அது எதைத் தேடிப் போகும்?"

சரி என்றாள் ஜாஹிதா. வீட்டுக்கு வந்தும் இறக்கி விடவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்து ஆசாத் கடைக்குப் போகவில்லை. தோட்டத்திலிருந்த வாளி, குடம் எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்தான். பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டான். பாயை விரித்தான்.

"வுடு."

"முடியலங்க."

"நான் கதவாண்ட உக்காந்துக்கினு கீறேன். எங்கியும் போமாட்டேன். வுடு."

"இவ இப்டியே இருந்துட்டா இன்னா இப்போ? நான் தூக்கிக்கிறேன். சாவுற வரிக்கும் தூக்கிக்கிறேன்."

"நாம செத்தப்புறம்?" என்றான் ஆசாத்.

அவள் இறக்கி விட்டாள். இக்ரா பாயைத் தொட்டதும் சூடு பட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டாள். அம்மாவை நோக்கி இரண்டு கையையும் நீட்டி வீறிட்டாள். ஜாஹிதா தன் கைகளைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். அவளும் அழுதாள்.

தினமும் அப்படித்தான் நடந்தது. மெல்ல மெல்ல அழுகை குறைந்தது. இக்ரா குப்புறப் படுத்தாள். எதிரே கிடந்த கரண்டியை எடுக்க உந்தினால் உடம்பு பின்னால் போனது. கரண்டி தூரமாகப் போகப்போக அவளுக்குக் கோபம் வந்தது. அதைப் பார்த்து ஆசாத் வாய்விட்டுச் சிரித்தான். சிரித்ததற்கு வெட்கப்பட்டவன்போல் உடனே நிறுத்திக்கொண்டான். பிறகு ஒரு நாள் முன்னால் போனாள். அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. செருப்பு, வெங்காயச் சருகு, எறும்பு, பாயின் பிரிந்த ஓரம் என்று ஒவ்வொன்றிடமும் போய் உட்கார்ந்தாள். ஜாஹிதாவும் மண்டிபோட்டுப் பின்னாலேயே போனாள்.

ஒரு மத்தியானம் காய்ந்த துணியை எடுத்து வந்து ஜாஹிதா கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளுக்குக் கை போவதற்குள் இக்ரா கதவண்டை வந்துவிட்டாள். வந்தவள் தலையைப் பலகையில் முட்டினாள். கதவு கொஞ்சம் நகர்ந்தது. இடுக்கு வழியாக வெயில் ஒரு கோடாகத் தரையில் விழுந்தது.

தூக்கிவிடத்தான் ஜாஹிதா கையை நீட்டினாள். ஆனால் கை அப்படியே நின்றுவிட்டது.

இக்ரா அந்த வெயிலுக்குள் விரல்களை நீட்டினாள். விரல் பளிச்சென்று ஆனது. எடுத்தாள், மறுபடி நீட்டினாள். கதவை இன்னும் தள்ளினாள், கோடு பெரிதானது. தனக்குத்தானே கெக்கெக்கென்று சிரித்தாள். அம்மா எங்கே என்று ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜாஹிதா பிள்ளையை வாரி எடுத்துக் கதவைச் சாத்தினாள். சுவரில் சரிந்து உட்கார்ந்தாள். ஜாசிமை அடக்கம் பண்ணிய அன்றுகூட வராத சத்தம் அவளிடமிருந்து வந்தது.

சாயங்காலம் ஆசாத் வந்தபோது வாசலிலேயே சொன்னாள். "இவ கதவத் தள்ளிட்டா."

அவன் முகம் வெளிறியது.

"ஒண்ணும் ஆவல. நான் பக்கத்துலதான் இருந்தேன்." இடுப்பிலிருந்த இக்ராவை இறுக்கிக்கொண்டாள். "அவன் என்னத் தேடிக்கினு போவலங்க. அழுதுக்கினு போவல. நான் இத்தினி வருசமா அப்டித்தான் நெனச்சிக்கினு இருந்தேன். சிரிச்சிக்கினுதான் போயிருப்பான்."

ஆசாத் செருப்பைக்கூடக் கழற்றாமல் அங்கேயே உட்கார்ந்தான். "அந்த டப்ப நான்தான கொண்டாந்தேன்" என்றான்.

"தெரியும்" என்றாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடத்தில் இருவரும் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான்.

இக்ரா அம்மாவின் மடியிலிருந்து நழுவினாள். கட்டிலுக்கடியில் ஏதோ ஒன்று அவள் கண்ணில் பட்டிருக்க வேண்டும், விறுவிறுவென்று அதை நோக்கிப் போனாள். ஜாஹிதா முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் பின்னால் போனாள்.