கொம்பில் மிஞ்சிய ஒற்றை மொட்டு

1.

இந்தக் கதை வம்பு கேட்கும் ஆசையில் பிறந்தது. அமராவதிபுதூரில் ஒரு வீட்டுக் கொல்லையில், கடல் தாண்டிய தீவிலிருந்து வந்த மரம் ஒன்று நிற்பதாகக் கேள்விப்பட்டேன். அந்தத் தீவிலேயே இப்போது விரல்விட்டு எண்ணக்கூடிய மரங்கள்தானாம். தீவின் பெயரையோ மரத்தின் பெயரையோ எழுதமாட்டேன். தெரிந்தால் கிளை ஒடிக்கக் கிளம்பிவிடுவீர்கள். உங்களை எனக்கு என்ன தெரியும்?

2.

1996 மே மாதம், இளங்காற்று வீசிய ஒரு காலையில்... (வேண்டாம். காரைக்குடிப் பக்கம் மே மாதத்தில் ஏது இளங்காற்று?)

யூஜினியா டீச்சர் தன் கொல்லை மரத்தை அண்ணாந்து பார்த்தார். நேற்று மொட்டு இருந்த இடத்தில் காம்பு மட்டும் நின்றது. சில நாட்களாகவே இப்படித்தான்.

தீவுத் தோட்டத்தில் வேலை பார்த்த மாமனார் கொண்டுவந்து நட்ட மரம் அது. அடிமரத்தைக் கரையான் அரித்துவிட்டது. அடுத்த மழைக்குத் தாங்காது. கொஞ்சம்தான் மொட்டு விட்டிருந்தது. பூ கொம்பிலேயே இருந்து காய்த்தால் விதை கிடைக்கும். கன்று எழுப்பித் தருவதாகப் பேராசிரியர் ஒருவர் சொல்லியிருந்தார். இல்லையென்றால் இந்த மரத்தோடு எல்லாம் போச்சு.

3.

சந்தேகம் அடுத்த வீட்டு அன்னக்கிளி மேல் விழுந்தது. (எனக்கும்தான். தலையில் பூ இல்லாமல் அவள் தண்ணீர் எடுக்கக்கூட வருவதில்லை. அவளை நல்லவளாக எழுதுவதா என்று ஒரு பக்கம் எழுதி எழுதி அடித்தேன்.)

“மதில் தாண்டிக் கை நீளுது போல?” என்றார் டீச்சர், குழாயடியில் நாலு பேர் காதில் விழும்படி.

“ஒங்க மரத்துப் பூவத் தொட்டிருந்தா என் கை அழுகிப் போகட்டும் டீச்சர்.”

அன்னக்கிளி குடத்தை நிரப்பாமலே போய்விட்டாள்.

4.

அன்று சாயங்காலம் ஜெபமாலை சொல்ல, மாதா சிலை இருக்கும் கெபிக்குப் போன டீச்சர், சுரூபத்தின் காலடியில் அந்தப் பூக்களைப் பார்த்தார். அருகே முழங்காலில் நின்றவர் அவருடைய கணவர் ஃபெலிக்ஸ்.

“நீங்களா பறிச்சீக?”

“மரம் காய்க்கணும்னு ஒம்பது நாள் நவநாள் நேர்ந்திருக்கேன் யூஜினி. தெனம் ஒரு பூ. நேர்ச்சைய வெளிய சொல்லலாமா?”

“காய்க்கணும்னு வேண்டிக்கிட்டு யாராச்சும் பூவப் பறிப்பாகளா?”

“நாளையோட முடியுது. கடைசி நாள்ல விட்டா மாதாவுக்கு என்ன பதில் சொல்றது?”

கொம்பில் ஒரே ஒரு மொட்டுதான் மிச்சம். நாளைக் காலையில் விரியும்.

(அடிக்குறிப்பு: ஃபெலிக்ஸைக் கேலி செய்யத்தான் இந்தப் பகுதியை எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. மரத்தின் மேல் அவருக்கும் அவ்வளவு ஆசை.)

5.

ஃபெலிக்ஸ் மனம் மாறி, மல்லிகைச் சரத்தைக் கொண்டுபோய் வைத்தார். (நம்பமாட்டீர்கள். நானும் நம்பவில்லை.)

பெருங்காற்று அடித்து, மொட்டு... (இது என் சோம்பேறித்தனம்.)

சரி, நடந்ததையே சொல்கிறேன். மறுநாள் டீச்சருக்குச் சிவகங்கையில் விடைத்தாள் திருத்தும் வேலை. முதல் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். மரத்துக்குக் காவல் வேண்டும். அன்று ராத்திரியே அன்னக்கிளி வீட்டு வாசலில் போய் நின்றார். மன்னிப்புக் கேட்க நான் ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைச் சொல்லவில்லை.

“நாளைக்கு எங்க வீட்டுக்காரக மரத்துக்கிட்ட வராமப் பாத்துக்கிறியா?”

அன்னக்கிளி நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்க இல்லாத நேரத்துல நான் மரத்தடியில நிக்கணும். என்னைய நம்புவீகளா டீச்சர்?”

டீச்சர் வாயைத் திறந்தார். அந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டேன். அவருக்குப் பதிலாக நீங்கள் சொல்லுங்கள். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.