மொக்கைச்சாமிக்கு ஒரு 'ர்'

1

இந்தக் கதை ஒரு கட்டுரையின் மிச்சம். 1948இல், கலைக்களஞ்சியத்துக்கு ஆராய்ச்சியாளர்களின் வாழ்க்கைக் குறிப்பு எழுதும் மாணவர்களுக்கு அறிவுரை வேண்டுமென்று மதுரைக் கல்லூரி ஒன்றின் ஆசிரியர் கர்ணனைக் கேட்டார்கள். ஒரு குறிப்புகூட எழுதியறியாதவர் என்பதால் பன்னிரண்டு அறிவுரைகளை ஒரே மூச்சில் எழுதிவிட்டார். (இதை எழுதுகிறவரும் அதே கர்ணன்தான். தனக்குத் தானே 'ர்' போட்டுக்கொள்ள அவருக்குக் கூச்சமே இல்லை.)

நான்காம் அறிவுரை: 'ஆராய்ச்சியாளருக்கு "ர்" விகுதி, எடுபிடிகளுக்கு "ன்" போதும்.'

2

மாதிரிக் குறிப்பும் கேட்டார்கள். ஏலச்செடியைச் சுருட்டும் நோயை அசுவினிப் பூச்சி பரப்புகிறது என்று நிறுவிய டாக்டர் பொன்னுராஜைத் தேர்ந்தெடுத்தார். 'மஞ்சு தவழும் மேகமலையின்...' (அடித்தாயிற்று. ஏழாம் அறிவுரை: மஞ்சு, தென்றல், நிலா கூடாது.) 'பிறவி மேதையான பொன்னுராஜ்...' (இதுவும் போச்சு. பூச்சியை முதலில் காட்டியது ஒரு தோட்டக் கூலி என்று மேதையின் கட்டுரையிலேயே அடிக்குறிப்பு இருந்தது.)

அதைச் சரிபார்க்கச் சின்னமனூரிலிருந்து மலையேறினார். ஆறு அட்டைகள் கடித்தன. கதைக்கு இது தேவையில்லை. சிந்திய ரத்தம் வீணாகக் கூடாதே.

3

அந்தக் கூலி மொக்கைச்சாமி இறந்து இரண்டு வருடமாகியிருந்தது. தோட்டக் கூலிகளின் வரிசை வீடுகளில் ஒன்றான லயன் வீட்டு வாசலில் மனைவி ராமுத்தாய் இருந்தாள். கர்ணன் பெருமையோடு வாசித்தார்: 'மொக்கைச்சாமி பூச்சியைக் காட்டினான்.'

"காட்டினானா?" என்றாள் ராமுத்தாய். "வாத்தியாரய்யா, மூணு மழைக்காலம் செடிசெடியாக் குனிஞ்சு பாத்து, பூச்சி விழுந்த தூருதான் சுருளுதுன்னு சொன்னவுக எங்க வீட்டுக்காரவுக. உசுரோட இருக்கையில எல்லாரும் ஏலேன்னுதான் கூப்புட்டாக. பொஸ்தகத்துலயாச்சும் மருவாதியா எழுதக் கூடாதா?"

கர்ணனுக்கு வெட்கமாக இருந்தது. அங்கேயே 'காட்டினார்' என்று திருத்தினார். (மேலே உள்ள 'இருந்தாள்', 'என்றாள்' இரண்டையும் வாசகர் திருத்திக்கொள்ளவும்.)

"அச்சானதும் நானே வந்து படிச்சுக் காட்டுறேம்மா" என்று வாக்கும் கொடுத்தார்.

4

கலைக்களஞ்சியம் அச்சாகி வந்தது. 'காட்டினான்.' கூடவே பதிப்பாசிரியரின் கடிதம்: 'தங்கள் குறிப்பில் இருந்த பிழையைத் தங்கள் நான்காம் அறிவுரைப்படியே திருத்திவிட்டோம்.'

இனி முடிவு. புத்தகம் வரவில்லை என்று புளுகலாம். (எழுதிப் பார்த்தார். நம்பும்படி இருந்தது, பயந்துபோய்க் கிழித்தார்.) பதிப்பாசிரியரோடு சண்டை போட்டு ஜெயிக்கலாம். (கர்ணனைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.)

5

ஆக, லயன் வீட்டு வாசல். ராமுத்தாய் அக்கம்பக்கத்தாரையெல்லாம் அழைத்து உட்கார வைத்திருக்கிறார். அவருக்கு எழுத்துத் தெரியாது.

"படிங்கய்யா. அவுக என்ன செஞ்சாகன்னு எல்லாரும் கேக்கட்டும்."

'அச்சில் உள்ளதை ஓர் எழுத்தும் மாற்றாமல் எடுத்துக்காட்டுக' என்பது பன்னிரண்டாம் அறிவுரை. கர்ணன் புத்தகத்தை வாசகரான உங்கள் கையில் கொடுத்துவிட்டார். ராமுத்தாய் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். சத்தமாகப் படியுங்கள்:

'மொக்கைச்சாமி பூச்சியைக் காட்டினா