துட்டிவீட்டுத் தார்ப்பாய்

கூத்தையா செத்து ஒரு பகலும் ஓர் இரவும் ஆகியிருந்தது. திருப்பூரிலிருந்து மகள் வந்து சேரட்டும் என்று ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். வாசல் நிலை குறுகல். பெட்டி வீட்டுக்குள் போகவில்லை. முற்றத்தில் இறக்கி, மேலே நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது.

தலைமாட்டில் அவர் மனைவி சண்முகவள்ளி உட்கார்ந்திருந்தாள். வந்தவர்களெல்லாம் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. டீ கொடுத்தார்கள், குடித்தாள். பெட்டியின் இரைச்சல் மட்டும் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

மத்தியானம் மூன்று மணி வாக்கில் காற்று கொண்டலுக்குத் திரும்பியது. கிழக்கே கடல்மேல் கறுத்துக்கொண்டு வந்தது. தார்ப்பாய் ஒருமுறை உப்பி அடங்கியது. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். அது பாசி மூடுகிற தார்ப்பாய்.

அவளும் முருகலட்சுமியும் இன்னும் மூன்று பெண்களும் ஒரு குழு. கடலில் மூங்கில் தெப்பம் மிதக்கவிட்டுக் கடற்பாசி வளர்க்கிறார்கள். போன தடவை தண்ணீர் சூடேறி அத்தனையும் வெளுத்து உதிர்ந்தது. இந்தத் தடவை அறுத்தது கரையில் காய்கிறது. நாளைக் காலை லாரி வருகிறது. காய்ந்த பாசியில் மழை பட்டால் எவனும் எடுக்கமாட்டான். இதுவும் போனால் குழு இல்லை. ஐந்து பேரும் பழையபடி விடியுமுன் வேனில் அடைந்துபோய், யாரோ ஒருவன் ஷெட்டில் நின்று இறால் உரிக்க வேண்டியதுதான். துட்டிக்கு வருகிறவர்களுக்கு நிழல் வேண்டுமே என்று அந்தப் பெண்களேதான் தார்ப்பாயைத் தூக்கிவந்து இங்கே கட்டியிருந்தார்கள்.

"லெச்சுமி, பாசி கெடக்கு" என்றாள்.

ஒப்பாரி நின்றது.

"கெடந்துட்டுப் போகுதுக்கா. இப்ப அதையா நெனைப்பாக?"

"மழை வருது. இத அவுத்துக் கொண்டு போங்க."

கூத்தையாவின் அக்கா உமாமகேஸ்வரி சுற்றியிருந்தவர்களைப் பார்த்தாள். "கட்டுனவன் பெட்டிக்குள்ள கெடக்கான், இவளுக்குப் பாசியில்ல கண்ணுக்குள்ள நிக்கிது. எந்தம்பி நனையணுமாடி?"

"அவுக நனைய மாட்டாக மதினி. கண்ணாடி இருக்கு. பாசிக்கு மேல மூட ஒண்ணுமில்ல."

முருகலட்சுமி எழுந்து முதல் கயிற்றை அவிழ்த்தாள். மூன்று மூலை அவிழ்ந்தது. நாலாவது முடிச்சு இறுகிக்கொண்டது. இழுத்தார்கள்.

"கிழிச்சிராதீகடி. தள்ளுங்க" என்று உமாமகேஸ்வரி வந்து, பல்லால் கடித்து இளக்கிவிட்டாள்.

நாலு பெண்களும் தார்ப்பாயைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு கடற்கரைக்கு ஓடினார்கள். ஆண்கள் ஒயரைத் தூக்கிப் பிடித்தபடி பெட்டியைக் கூரை ஓரத்துக்கு நகர்த்தினார்கள். தலைப்பக்கம் உள்ளே வந்தது. கால்பக்கம் வெளியே நின்றது. மழை விழுந்தது. சண்முகவள்ளி கால்பக்கம் போய் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள்.

வெகுநேரம் கழித்து முருகலட்சுமி சொட்டச் சொட்ட வந்தாள். மேலெல்லாம் பாசி வாடை.

"மூடியாச்சுக்கா."

"சுத்திக் கல்லு வச்சீகளா?"

"வச்சோம். ஓரத்துல கொஞ்சம் நனைஞ்சுபோச்சு. மத்தது தப்பிச்சிருச்சு."

"சரி" என்றாள்.

முருகலட்சுமி பக்கத்தில் உட்கார்ந்தாள். சண்முகவள்ளி முந்தானையைப் பிழிந்துவிட்டு மறுபடியும் துடைத்தாள். துடைத்த இடத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது.