வட்டிலப்பத்துக்கு ஓம்

1

இந்தக் கதை எனக்குப் பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலால் வந்தது. ஒட்டுக்கேட்டேன் என்றும் சொல்லலாம். எங்கள் ஊரான சாய்ந்தமருதில் மதில்கள் அவ்வளவு உயரமில்லை.

வட்டிலப்பம் வாங்க வந்த அபுல் ஹஸன் ஹாஜியார் அந்தப் பக்கம் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"மகள் சுஹறா, ரெண்டு வட்டிலப்பம் கேட்டா என்னக் கண்ண மூடி மூச்ச இழுக்கச் செல்லுதே ஒங்கட மெசின்!"

"இழுத்தீங்களா?"

"ஓம், இழுத்தன். வட்டிலப்பம் எங்க?"

2

சுஹறா வீட்டில் வட்டிலப்பம் என்ற பெருநாள் இனிப்பை அவித்து விற்பவள். கையெல்லாம் தேங்காய்ப்பால், தொலைபேசியை எடுக்க முடியாது. அவளுக்குப் பதிலாகப் பேசி ஓடர் எடுக்க, கணவன் றாஸிக் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தான். "இரண்டு வட்டிலப்பம், சரிதானா?" என்று அது கேட்கும். எங்கள் ஆட்கள் "ஓம்" என்பார்கள். அதுவோ வேறெங்கோ தமிழ் படித்துவிட்டு வந்தது. அங்கே "ஆமாம்" என்பார்களாம். ஓம் என்றதும் தியானம் தொடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டது.

தோஹாவில் இருக்கும் சுஹறாவின் தம்பி, மச்சானுக்கு ஒரு களஞ்சிய வேலை பார்த்து வைத்திருக்கிறான். ஹஜ்ஜுப் பெருநாள் ஓடர்களை மென்பொருள் தனியாக எடுத்துவிட்டால் றாஸிக் ஊரில் இருப்பான். இல்லாவிட்டால் விமானம். இது அவனாகச் சொன்ன வாக்கு. சொல்லும்போது சுஹறா முட்டை அடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. கொஞ்சம் பலமாக அடித்தாள்.

3

'றாஸிக் கணினியைத் திறந்தான். ஜன்னலுக்கு வெளியே கடல்—'

[கடலை எடுத்துவிட்டேன். அந்த அறையில் ஜன்னல் இல்லை.]

'விடாமுயற்சியுள்ள இளைஞனான றாஸிக்—'

[இதையும் எடுத்துவிட்டேன்.]

நடந்தது இதுதான். ஓம் கோளாறைத் திருத்த உட்கார்ந்தவன் முதலில் மென்பொருளுக்கு ஒரு சின்னம் வரைந்தான். பிறகு, வேலையில் கவனம் வைப்பது எப்படி என்றொரு காணொளி பார்த்தான். அது பிடித்துப்போய், கவனம் சிதறாமல் இருக்க உதவும் வேறொரு மென்பொருளைக் கட்டத் தொடங்கினான்.*

* அது முடியவில்லை. இடையில் கவனம் சிதறிவிட்டது.

(நான் சிரிக்கக் கூடாது. இந்தப் பகுதியை எழுத முன்னர் மேசையை இரண்டு தரம் இடம் மாற்றினேன்.)

4

சின்னப்போடியில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. பாண்டிருப்பிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருபவர். கதைக்குத் தேவையான இடத்தில் சரியாக வந்து நிற்கிறார். கதையிலிருந்து வெட்டிவிடப் பார்த்தேன். ஆனால் மீன்காரர் வேறெப்படி வருவார்?

றாஸிக் அவர் வாய்க்கு நேரே தொலைபேசியை நீட்டினான்.

"அண்ணன், ஓம் எண்டு செல்லுங்க. மெசினுக்குக் குரல் வேணும்."

"என்னத்துக்கு ஓம்?"

"ஒண்டுக்குமில்ல. சும்மா."

"சும்மா ஓம் எண்டுதான் தம்பி கலியாணத்தில மாட்டினன். விசயம் தெரியாம இனி ஒருத்தருக்கும் ஓம் இல்ல."

"ஒரேயொரு ஓம் அண்ணன்."

"அண்டைக்கும் ஒண்டுதான் சொன்னன்."

குசினி அடுப்படியிலிருந்து சுஹறா குரல் கொடுத்தாள். "மீன் இண்டைக்குப் பிடிச்சதா?"

"ஓம் மகள்!" என்றார் சின்னப்போடி, தெரு முழுவதற்கும் கேட்க.

றாஸிக்கின் தொலைபேசியில் இரண்டும் பதிவாகியிருந்தன, கேள்வியும் ஓமும். அவன் அதையே திரும்பத் திரும்பக் கேட்டான். இவ்வளவு நாளும் மென்பொருளுக்கு ஓமை மட்டும் பிய்த்துக் கொடுத்திருந்தான். முன்னால் வந்த கேள்வியைக் கொடுக்கவில்லை. கேள்வி இல்லாத ஓம் அதற்குத் தியானம்தான். அன்று முழுவதும் எழுந்திருக்காமல் வேலை செய்தான். சின்னத்தின் நிறத்தைக்கூட மாற்றவில்லை.

(அந்த மீன் அன்றைக்குப் பிடித்ததா என்று கேட்காதீர்கள். இந்தக் கதையில் அதற்கு இடமில்லை.)

5

ஹாஜியார் மறுபடி ஓடர் கொடுத்தார். ஓம் என்றார். "நன்றி, இரண்டு வட்டிலப்பம்" என்றது மென்பொருள். எதற்கும் இருக்கட்டும் என்று ஹாஜியார் ஒருதரம் மூச்சை இழுத்தாராம்.

எஞ்சியிருந்தது சலிப்பான வேலை: விலாசங்கள். எங்கள் ஊரில் விலாசம் என்றால் "பள்ளிக்குப் பின்னால, பச்ச கேற்று." பச்சை கேற்றுப் போட்ட வாசல் ஒன்றா இரண்டா? றாஸிக் அதை நாளைக்கு என்று ஒதுக்கிவிட்டு, அறிவித்தல் படம் வடிவமைக்கத் தொடங்கினான்.

இரண்டு முடிவுகள் எழுதினேன்.

முடிவு அ: றாஸிக் தோஹாவுக்குப் போகிறான். களஞ்சியத்தில் பெட்டிகளுக்கு நடுவே நின்று— [முடியவில்லை.]

முடிவு ஆ: பெருநாள் ஓடர்கள் ஒன்றும் தவறாமல் போய்ச் சேர்கின்றன. ஊரே மெச்சுகிறது.

'ஆ'வை மதிலுக்கு மேலால் சுஹறாவிடம் கொடுத்தேன். வாசித்தாள். சந்தோசப்படுவாள் என்று நினைத்தேன்.

"காக்கா, இத அவருக்குக் காட்டினீங்களா?" (எங்கள் ஊரில் காக்கா என்றால் அண்ணன்.)

"இன்னும் இல்ல."

"காட்டிராதீங்க. வாசிச்சா வேல முடிஞ்சிட்டெண்டு நெனச்சிருவாரு. முந்தி கடல்ல காத்து எப்பிடி அடிக்கும் எண்டு செல்ற மெசின் ஒண்டு செஞ்சாரு. அரைவாசியிலேயே படத்தப் போட்டாரு. ஊரெல்லாம் மாஷா அல்லாஹ் எண்டிச்சு. அதோட சரி. மாஷா அல்லாஹ் கெடச்ச பொறகு ஆரு வேல செய்வாங்க?"

"அப்ப நான் கதைய எப்பிடி முடிக்கிற?"

"முடிக்காதீங்க."

"அவர் தோஹாவுக்குப் போயிட்டா?"

மதிலில் இருந்த பாசியை நகத்தால் சுரண்டினாள்.

"போயிட்டா நான் ஆரோட சண்ட பிடிக்கிற?"

6

'ஆ'வை அழித்துவிட்டேன். இந்தக் கதை றாஸிக்கின் கண்ணில் பட்டாலும் பரவாயில்லை. இதில் அவன் வேலையை இன்னும் முடிக்கவில்லை. தோஹாவுக்கும் இன்னும் பதில் சொல்லவில்லை. பெருநாள் கிட்டடியில் வந்துவிட்டது.

மீதியை நீங்கள்தான் செய்ய வேண்டும். வழியில் றாஸிக்கைக் கண்டால் பாராட்டிவிடாதீர்கள். மாஷா அல்லாஹ் வாய்வரைக்கும் வந்தாலும் விழுங்கிவிடுங்கள். ஒரு வட்டிலப்பத்துக்கு ஓடர் கொடுங்கள். கேற்று என்ன நிறம் என்று சொல்லுங்கள். வட்டிலப்பம் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டால் உடனே கூப்பிட்டுக் குறை சொல்லுங்கள். குறை ஒன்று மிச்சமிருக்கும்வரை அவன் கணினிக்கு முன்னால் இருக்கும் அந்தக் கதிரையை விட்டு எழும்பமாட்டான் என்பது சுஹறாவின் நம்பிக்கை.

சரியான வீட்டுக்கே வந்துவிட்டால்?

பிந்திவிட்டது என்று சொல்லுங்கள்.