ரதி அழலாம்

ஈரத்துணியால் தம்பி தயாபரனின் காதுமடலைத் துடைத்துக்கொண்டிருந்தார் சண்முகராஜா. பச்சைச் சாயம் போவதாக இல்லை. போன வாரம் ஆசிரமத்துக் காமன் கூத்தில் தயாபரன் மன்மதனாக வேடம் கட்டியபோது பூசியது. "தேய்ச்சுக் குளிடான்னா கேட்டாத்தானே" என்று வழக்கம்போலச் சொல்ல வந்தவர் வாயை மூடிக்கொண்டார். நேற்று மேட்டில் கிளை வெட்டப் போனவனைக் குளவிக்கூட்டம் மொய்த்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முப்பத்தொரு வயது.

அப்புத்தளை மலைமேல் உள்ள அந்த ஆசிரமத்தில் இருபது பேர் ஒன்றாகப் பயிரிட்டு, ஒன்றாகச் சமைத்து, ஒன்றாகப் பாடி வாழ்கிறார்கள். பாட்டும் கூத்தும்தான் அவர்களுக்குப் பூசை. பத்து வருஷத்துக்கு முன் மீரியபெத்த மண்சரிவு அப்பாவையும் அம்மாவையும் கொண்டுபோன பிறகு அண்ணனும் தம்பியும் இங்கே வந்து ஒண்டினார்கள். அப்போது விழுந்து அழ உடம்புகூடக் கிடைக்கவில்லை. இப்போது உடம்பு இருக்கிறது, அழக்கூடாது. போகிற உயிரைப் பஜனை பாடித்தான் அனுப்ப வேண்டும் என்பது ஆசிரமத்து வழக்கம். மற்றவர்கள் செத்தபோது அவரும் கைத்தாளம் போட்டுப் பாடியவர்தான். அது எவ்வளவு கொடுமை என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

பஜனை தொடங்கியது. அவருக்குப் பாட வாய் வரவில்லை. ஆசிரமத்தை நடத்தும் மீனாம்பாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பாடுங்க ராஜா. மனசு லேசாகும்."

"முடியலீங்கம்மா. அழணும்போல இருக்கு."

மீனாம்பாள் அவர் கையிலிருந்த ஈரத்துணியை வாங்கி வைத்தார்.

"தோட்டத்து லயத்து வீடுகள்ல பொம்பளைங்க ஒப்பாரி வச்சு அழுதுருவாங்க. எனக்கு அது தெரியாதுங்க. எனக்கு அழத் தெரிஞ்சதெல்லாம் ரதியாத்தான்."

ஒன்பது வருஷமாகச் சேலை கட்டி ரதி வேடம் போடுகிறவர் அவர். ஈசன் எரித்த மன்மதனாகத் தம்பி தரையில் கிடப்பான், இவர் மார்பில் அடித்துக்கொண்டு அழுவார். ஒரு வருஷம் அழுகைக்கு நடுவே பிணம் தும்மிவிட்டது. "மதினி, அவருக்கு மல்லித்தண்ணி குடுங்க" என்று கூட்டம் சிரித்தது. தேயிலைத் தோட்டங்களில் மன்மதனை எழுப்ப மூன்று நாளாகும். இங்கே அழுகை முடிந்த கையோடு தப்படிக்கிற ரமேஸ் எழுப்புகிற அடிக்கு மாறுவான். தம்பியின் வலது கால் பெருவிரல் முதலில் அசையும்.

மீனாம்பாள் கையைத் தூக்கிப் பஜனையை நிறுத்தினார்.

"ரதி பாட்டும் நம்ம பூசைதானே. பாடுங்க."

ரமேஸ் தப்பை எடுத்துக்கொண்டான். சண்முகராஜா எழுந்து நின்றார். சேலையில்லை, சலங்கையில்லை.

"எரிச்ச சாமி, சாம்பலையாச்சும் குடு,
எம் மடியில நான் வச்சுக்கிறேன்..."

இரண்டாவது வரியிலேயே குரல் உடைந்தது. அவர் நிறுத்தவில்லை. வயிற்றிலிருந்து அழுதார், பத்து வருஷத்து அழுகையையும் சேர்த்து அழுதார். மன்னவா என்று வர வேண்டிய இடத்திலெல்லாம் தம்பி என்று வந்தது. யாரும் திருத்தவில்லை.

கடைசி வரி முடிந்தது. பழக்கதோஷத்தில் ரமேஸின் கை அடியை மாற்றிவிட்டது. எழுப்புகிற அடி நாலைந்து விழுந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. கை அப்படியே நின்றது.

அதற்குள் எல்லாருடைய கண்ணும் தயாபரனின் காலுக்குப் போயிருந்தது. சண்முகராஜாவும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார். பெருவிரல் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள்.

"ரொம்ப இறுக்கிட்டாங்க" என்றார் அவர். குனிந்து, முடிச்சைக் கொஞ்சம் தளர்த்திவிட்டார்.