பதினேழாவது நட்டு

நான் அந்த எண்ணை எழுதி ஐம்பத்திரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. இன்னும் நாற்பது நிமிடத்தில் நீராவியைத் திறக்கப்போகிறார்கள்.

எங்கள் அனல்மின் நிலையத்தில், டர்பைனுக்குள் நீராவி நுழையும் வழியில் ஒரு பெரிய வால்வு இருக்கிறது. அதன் மூடியை இருபத்துநான்கு போல்ட்டுகள் பிடித்திருக்கின்றன. ஒவ்வொன்றும் என் கணுக்கால் பருமன். போல்ட்டின் நடுத்துளையில் ஹீட்டரை விட்டுச் சூடாக்கி, அது நீண்டதும் நட்டைத் திருகுவார்கள். ஆறும்போது போல்ட் சுருங்கப் பார்க்கும், நட்டு விடாது. அந்த இழுப்பில்தான் மூடி இறுகும். மறுநாள், போல்ட்டில் எவ்வளவு நீட்சி மிச்சமிருக்கிறது என்று அளந்து எழுதுவது பயிற்சிக்கு வந்திருப்பவரின் வேலை. அதாவது என் வேலை.

பதினேழாவது போல்ட், குழாய்க்கும் சுவருக்கும் இடுக்கில் இருந்தது. நீட்சியை அளக்கும் என் கேஜ் அங்கே நுழையவில்லை. குட்டைக் கேஜ் ஒன்று ஸ்டோரில் உண்டு. ஆனால் அன்று ஏற்கெனவே இரண்டு முறை ஸ்டோருக்குப் போயிருந்தேன்.

"மறுபடியுமா? பேசாம இங்கயே உனக்கு ஒரு நாற்காலி போட்டுரட்டுமாம்மா?" என்று இரண்டாம் முறை ஸ்டோர்காரர் கேட்டார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

மூன்றாம் முறை போகக் கால் வரவில்லை. பதினாறாவதில் நீட்சி 0.60 மில்லிமீட்டர். பதினெட்டாவதில் 0.62. நடுவில் 0.61 என்று எழுதிவிட்டேன். இயற்பியல் படித்தவளுக்கு அது நியாயமான ஊகம். ஊகத்தை அளவு என்று எழுதக் கூடாது என்பதையும் அதே வகுப்பில்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

அன்று மாலையில், முந்தின நாள் நட்டுகளை இறுக்கிய ஃபிட்டர் அண்ணன் என் தாளைப் பார்த்தார். பதினேழில் அவர் விரல் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ம். இதுவும் ஆச்சா? சரி" என்று கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் அக்கா கேட்டாள். "என்னடி, தட்டையே மொறைச்சிட்டிருக்க? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லக்கா."

"ட்ரெயினிங் முடிய இன்னும் ஒம்பது நாள்தானே? பல்லைக் கடிச்சுக்கோ. அப்புறம் பர்மனென்ட்."

பர்மனென்ட்டுக்குச் சிபாரிசு எழுத வேண்டியவர் ஃபிட்டர் அண்ணன்தான்.

இப்போது வால்வைக் காணவில்லை. பஞ்சண்ணன் அதற்குச் சூடு தாங்கும் கண்ணாடிப் பஞ்சுப் போர்வை சுற்றிவிட்டார். சூடான குழாய்களுக்கெல்லாம் போர்வை கட்டுவது அவர் தொழில். உண்மைப் பெயரைக் கேட்டால் அவரே கொஞ்சம் யோசிப்பார். சுவரோரம், சரியாகப் பதினேழுக்குக் கீழே, சம்மணமிட்டு உட்கார்ந்து கம்பி முறுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, திறக்கும்போது இங்கயா இருப்பீங்க?"

"பின்ன? சூடு ஏறினா போர்வை தொளதொளன்னு ஆயிரும். கூடவே இருந்து முறுக்கணும். ஏன், துணைக்கு நிக்கிறியா?"

"ஏதாவது ஆச்சுன்னா?"

"வெள்ளையா புகை கண்டா ஒரே ஓட்டம். இந்தத் தொப்பையோட ஓடுவேனான்னு பாக்கிறியா?"

அவ்வளவு அழுத்தத்தில் கசியும் நீராவி வெள்ளையாக இருக்காது. கண்ணுக்கே தெரியாது. வெள்ளை தெரியும் இடம் அதைத் தாண்டித் தள்ளித்தான் இருக்கும். அவர் ஓட வேண்டிய ஒரே வழி பதினேழைக் கடந்து போனது.

காலடியில் இரும்புத் தளம் மெல்ல அதிர ஆரம்பித்தது. எங்கோ குழாய் ஒன்று சூடேறி டக், டக் என்றது.

"இன்னும் பத்து நிமிஷம்" என்றது ஒலிபெருக்கி.

ஃபிட்டர் அண்ணனிடம் போனேன்.

"அண்ணா, பதினேழை நான்..."

"சத்தமா பேசும்மா. எறும்புக்கே உன்னைவிட குரல் இருக்கு."

"பதினேழை நான் அளக்கல. உத்தேசமா எழுதிட்டேன்."

திட்டுவார் என்று நின்றேன். அவர் திட்டவில்லை. முகம் வெளுத்துப்போய், பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"இறுக்கின அன்னைக்கு அதுக்குப் போட்ட ஹீட்டர் எரிஞ்சு போச்சு" என்றார். "கையால மட்டும் திருகிட்டு, வேற ஹீட்டர் போடச் சொல்லிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். மறுநாள் உன் தாள்ல நம்பர் இருந்துச்சு. அடுத்த ஷிஃப்ட்டுக்காரங்க முடிச்சிட்டாங்கன்னு நெனச்சேன். நான் கேக்கல."

அவர் கையிலிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. "கன்ட்ரோல் ரூம். திறக்கலாமா?"

"கொஞ்சம் நிறுத்துங்க."

"காரணம்?"

அவர் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார்.

"காரணம் சொல்லுங்க. காரணம் இல்லாம நிறுத்த முடியாது. அஞ்சு நிமிஷம்தான் இருக்கு."

போர்வைக்குக் கீழே பஞ்சண்ணன் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

வாக்கிடாக்கியை அவர் கையிலிருந்து வாங்கினேன். எட்டு மாதத்தில் ஒருமுறைகூட நான் அதில் பேசியதில்லை. பொத்தானை அழுத்தினேன். தளம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன்.

"திறக்காதீங்க. பதினேழாவது நட்டை இறுக்கினாங்களான்னே யாருக்கும் தெரியாது. நான்தான் பொய் நம்பர் எழுதினேன்."