இரட்டை நூலில் ஒரு பாவம்

என்னைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் சொல்லும் சொல் "பாவம்". பெயரெல்லாம் அதற்கு அப்புறம்தான். நாற்பத்தோரு வயது வரை நான் ஒரு பாவமும் செய்ததில்லை, பாவமாகவே இருந்துவிட்டேன்.

பழைய துணிகளைத் திருத்தித் தரும் தையற்கடையில் எனக்கு வேலை. நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, உடம்பு பெருத்தவர்களுக்கு இடுப்பைப் பிரித்துவிடுவது. நான், பட்டன் தைப்பவள், இஸ்திரி போடும் அம்மா என்று மூன்று பேர். கடைக்காரியை அக்கா என்று கூப்பிடுவோம்.

அன்று காலை அக்கா சொன்னாள்: "இந்த ஞாயித்துக்கிழமையும் கடை உண்டு. இவ வந்துடுவா. மாட்டேன்னு சொல்லத் தெரியாது, பாவம்."

தொடர்ந்து ஐந்தாவது ஞாயிறு. என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை, ஊசி டப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

சொல்ல மாட்டாள் என்றிருந்தால் பெருமையாக இருந்திருக்கும். தெரியாது என்றாளே! நீந்தத் தெரியாதவள் ஆற்றில் குதிக்கவில்லை என்று யாராவது மெச்சுவார்களா? நான் நல்லவளா, இல்லை, கெட்டவளாக இருக்கக் கையாலாகாதவளா? இது தெரியாமல் இன்னொரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுக்க மனம் வரவில்லை. சரி, ஒரு பாவம் செய்து பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

பெரிய பாவங்கள் எதுவும் என் அளவுக்குப் பொருந்தவில்லை. எனக்கு ஏற்றபடி சின்னதாக வெட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. மதியம் அக்கா சாப்பிடப் போனபோது, கொக்கியில் தொங்கிய அவளுடைய புதுக் கோட்டின் பைகள் இரண்டின் வாயையும் மூடித் தைத்துவிட்டேன். இரட்டை நூல். முனைக்கு மூன்று முடிச்சு. நெஞ்சு படபடத்தது. கை மட்டும் படபடக்கவில்லை.

சாயங்காலம் அக்கா கோட்டை மாட்டிக்கொண்டு, ஒரு வாடிக்கையாளர் முன்னால் தோரணையாகக் கைகளைப் பைக்குள் விட்டாள். கைகள் வழுக்கிக்கொண்டு தொடைக்குப் போயின. மறுபடி விட்டாள். மறுபடி தொடை. வாடிக்கையாளர் தன் பார்சலை எடுத்துக்கொண்டு மரியாதையாகக் கிளம்பிவிட்டார்.

"யாருடி இந்த வேலை பண்ணினது?"

"நான்தான்க்கா."

"அய்யோ பாவம்!" என்றார் இஸ்திரி அம்மா. "கண்ணு மங்கிப்போச்சு போல. நாளைக்கே போய் ஒரு கண்ணாடி போட்டுக்கோம்மா."

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. வேணும்னே தைச்சேன்."

"வேணும்னு தைக்கிற மூஞ்சியாக்கா இது?" என்று சிரித்தாள் பட்டன் தைப்பவள். "யாரையோ காப்பாத்தறா. அதுக்காக என்னைப் பாக்காதீங்க!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாழ்நாளில் செய்த ஒரே பாவம், அதையும் பிடுங்கிக்கொள்ளப் பார்க்கிறார்கள்!

அக்கா கோட்டைக் கழற்றி விளக்கடிக்குக் கொண்டுபோனாள். தையலை நகத்தால் நெருடினாள், இழுத்தாள். அசையவில்லை. முடிச்சுகளை எண்ணினாள்.

"கண்ணு தெரியாம தைச்சா இவ்வளவு நேரா வராதுடி," என்றாள் மெதுவாக.

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கொஞ்சம் பயம் இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அது பிடித்திருந்தது.

"ஞாயித்துக்கிழமை..." என்று இழுத்தாள். "உன்னால வர முடியுமா?"

ஐந்து ஞாயிறுகளில் இதுதான் முதல் கேள்வி. இரண்டு பதில்களும் நாக்கின்மேல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. இரண்டுமே என்னுடையவை. நான் அவசரப்படவில்லை.

"முடியும்க்கா," என்றேன். "ஆனா வரமாட்டேன்."

அக்காவின் பார்வை மெல்ல அடுத்த மேஜைக்கு நகர்ந்தது. பட்டன் தைப்பவள் சட்டென்று குனிந்து ஊசியில் நூல் கோக்கத் தொடங்கினாள். அந்த ஊசியில் ஏற்கெனவே நூல் இருந்தது.